பாவாத்தாளின் இடது கை

அம்மா, அந்தக் கையால் மேல் கம்பியைப் பிடிக்காதீர்கள். இடது கை வேண்டாம். தம்பி, நீங்கள் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஆங், அப்படித்தான். ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நான் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறேன். மூன்று பேர் சீட்டு, தாராளமாக உட்காரலாம்.

பேஸ்மேக்கர்தானே? கழுத்தெலும்புக்குக் கீழே அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் வைத்துவிட்டு வருகிறீர்களாக்கும். சேலமா? நல்லது. நான் சங்ககிரியில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் ஒரு கிழவனின் தொணதொணப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரிக்கு வந்து பட்டவன் சொல்கிறேன்.

என் பேர் சென்னியப்பன். லாரி டிரைவர். கல்யாணமான மறு வாரமே வண்டி ஏறினவன். நாக்பூர், ஜான்சி, கான்பூர் என்று போனால் திரும்பி வர மாதமாகும். வந்தால் வீட்டுக்காரி துணி துவைத்துக் கொடுப்பாள், ஆட்டுக்கறி எடுத்துச் சமைப்பாள், மறுபடி ஏறிவிடுவேன். கோகிலா பிறந்தபோது நான் ஆந்திராவில். கோகிலா எங்கள் ஒரே பெண், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டுக்காரி பேர் பாவாத்தாள். இப்போது இல்லை. உங்கள் வீட்டுக்கார அம்மணியிடம் சொல்லிவிடாதீர்கள், மெஷினால் போனாள் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். மெஷின் கடைசிவரை ஒழுங்காகத்தான் ஓடியது. தூங்கிவிட்டார்களா? தூங்கட்டும், தூங்கட்டும்.

அவளுக்கு முதலில் படபடப்புத்தான் வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே இருப்பாள், திடீரென்று ஈரக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்லீங்க. கோழியக் கூடையில போட்டுக் கவுத்தாப்பல இருக்குது உள்ளுக்குள்ள" என்பாள். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் துடிப்பதற்குப் பதிலாக நடுங்குகின்றன என்றார் டாக்டர். அந்த நடுக்கம் கண்டபடி கீழே இறங்குவதால் கீழ் அறையும் தாறுமாறாக ஓடுகிறது. அந்த நடுக்கத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிவிடக்கூடும் என்று ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. அப்புறம் அபலேஷன். தொடை வழியாகக் கம்பியை விட்டு, இதயத்துக்குள் கோளாறு கிளம்புகிற இடத்தில் சூடு வைப்பது.

"மாட்டுக்குச் சூடு வெக்கறாப்பல எனக்குமுங்களா?" என்று கேட்டாள் இவள். டாக்டரே சிரித்துவிட்டார்.

ஒரு மழைக்காலம் நன்றாக இருந்தாள். அப்புறம் கோழி திரும்பி வந்துவிட்டது. மறுபடி சூடு வைத்தார்கள். மறுபடியும் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கிவிடும். கடைசியில்தான் டாக்டர் இந்த வழியைச் சொன்னார். உங்களுக்கும் இதேதானே? பேஸ்மேக்கரை முதலில் வைத்துவிடுவது, சில வாரம் கழித்து, மேலிருந்து கீழே துடிப்பைக் கொண்டுபோகிற வழியைச் சுட்டு அறுத்துவிடுவது. அப்புறம் கீழ் அறையை மெஷின் ஓட்டும்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இஞ்சின் உதறுகிறது, சரி பண்ண முடியவில்லை. ஜாயிண்டைக் கழற்றிவிட்டு சக்கரத்துக்குத் தனியாக மோட்டார் வைத்து ஓட்டுகிறார்கள். இவள்தான் விடவில்லை.

"அப்ப மேல இருக்கறது?"

"அது பாட்டுக்கு நடுங்கிட்டுத்தாம்மா இருக்கும். ஆனா உங்களுக்குத் தெரியாது. நாடி பிடிச்சுப் பாக்கறவங்களுக்கும் தெரியாது."

இவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மெஷின் வைத்தார்கள். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, உள்ளே வைத்த ஒயர் நகர்ந்துவிடும் என்றார்கள். ஒரேயடியாக ஆட்டாமலும் வைத்திருக்கக்கூடாதாம், தோள் இறுகிவிடுமாம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். சரி, சமையலுக்கு ஒரு கை போதும், நான் இருக்கிறேன். அப்போது நான் வண்டி ஓட்டுவதை விட்டு வீட்டோடு வந்திருந்தேன். வீட்டோடு என்றால், காலையில் பேட்டைக்குப் போய்விடுவேன். லாரிப் பேட்டையில் நம் ஆட்கள் யாராவது லோடுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு, டீ, பேச்சு. சாப்பாட்டுக்கு வருவேன், மறுபடி போவேன். பழகிய கால் வீட்டில் நிற்காது.

ஆனால் தலை வாருவதற்கு இரண்டு கையும் வேண்டுமே. அவளுக்கு முடி அதிகம். பாதி நரைத்தும் அடர்த்தி குறையவில்லை. கோகிலா வந்து கூட இருந்தவரைக்கும் போட்டுவிட்டாள். அவள் திருப்பூருக்குப் போன மறுநாள் காலை, இவள் பின்வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சீப்பை எடுத்து நீட்டுகிறாள். என்னிடம். நான் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"எனக்கு என்னடி தெரியும்?"

"தார்ப்பாய்க்குக் கயிறு கட்டத் தெரியுமில்ல? அப்படித்தான்."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். மூன்று கால் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று போட்டு இழுத்தேன். அவள் தலை அப்படியே பின்னால் வந்துவிட்டது.

"ஏனுங்க, இது தலைங்களா, லோடுங்களா?"

நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று மார்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டு மருமகள் மல்லிகா மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னுங் பெரியம்மா, மாப்பிள்ளை சீர் செய்யறாருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் பழகிவிட்டது. தினம் காலையில், டீ குடித்ததும். நான் நாற்காலியில், அவள் கீழே பலகையில். முடியை அவிழ்ப்பேன், சிக்கெடுப்பேன். அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். நாக்பூரில் எங்கே குளிப்பீர்கள்? கான்பூரில் குளிர் எப்படி? யார் சமைத்தது? நானும் சொல்வேன். ஜான்சிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து வெட்டவெளியில் கிடந்தபோது, பின்னால் வந்த சர்தார்ஜி ஒருவர் தன் வண்டியை நிறுத்திவிட்டு என்னோடு தங்கி ரொட்டி சுட்டுக் கொடுத்தார், பாஷை தெரியாமலே இரண்டு பேரும் பெண்டாட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கதை அவளுக்குப் பிடித்துப்போனது.

"அந்த சர்தாரு கதையச் சொல்லுங்க."

"நேத்துத்தானே சொன்னேன்."

"நேத்துச் சடை கோணலாப் போட்டீங்க. அந்தக் கடுப்புல காதுல உழுகல. அவருகிட்ட என்னையப் பத்தி என்ன சொன்னீங்க?"

அவளிடம் அது ஒரு கெட்ட குணம் தம்பி. போட்டு முடித்ததும் கையால் தடவிப் பார்ப்பாள். கோணல் என்பாள். அவிழ்த்து மறுபடி போடச் சொல்வாள். எனக்கு நன்றாகக் கை வந்த பிறகும் கோணல் என்றுதான் சொல்வாள். பேட்டைக்கு நேரமாகிறது என்பேன். "பேட்டை எங்க ஓடிப்போகுது" என்பாள். இப்படியே பல நாள் வெயில் ஏறிவிடும், பேட்டைக்குப் போகவே முடியாது.

இரண்டாவது வேலையும் முடிந்தது. வழியை அறுத்துவிட்டார்கள், மெஷின் ஓட்ட ஆரம்பித்தது. படபடப்பு போச்சு, கால் வீக்கம் போச்சு. நாடியைப் பிடித்தால் கடிகாரம்தான். டாக்டர் இனிமேல் கையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. கை ஏறவில்லை!

தோள்வரை வரும், அதற்கு மேல் போகாது. "வலிக்குதுங்க" என்பாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், ஒயர் சரியாக இருக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் ஏன் ஏறவில்லை? எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியை ஷெட்டில் விட்டு எடுத்தால் போன வேலை சரியாகியிருக்கும், நன்றாக இருந்த வேறொன்று கெட்டிருக்கும். அதே கதை. இதயத்தைச் சரி பண்ணிவிட்டுக் கையைக் கெடுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

வலி எப்படிப்பட்டது தெரியுமா? ஒருநாள் பேட்டையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டேன். கேட்டருகே வரும்போது பார்க்கிறேன், கொல்லையில் முருங்கை மரத்தின் கீழே நிற்கிறாள். இடது கையை உச்சிக்கு மேலே தூக்கிக் கிளையை வளைத்துக் கீரை பறிக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாவாத்தா!" என்று கத்தினேன். அவ்வளவுதான், கை பொத்தென்று கீழே விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தபடி தோளைப் பிடித்துக்கொண்டாள். பாருங்கள், வலி அப்படித் திடீரென்று பிடிக்கும். நான் கத்தியிருக்கக்கூடாது.

பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். ஒரு சின்னப் பெண், இப்போதுதான் படித்து முடித்திருக்கும். இவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனது. குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். வெளியே வந்து என்னிடம், "தாத்தா, பாட்டிக்குத் தனியா எக்சர்சைஸ் எதுவும் வேண்டாம். நீங்க தினமும் சடை மட்டும் போட்டு விடுங்க, போதும்" என்றது.

கேட்டீர்களா? கை வராதது இவளுக்கு. பயிற்சி எனக்காம்! இதற்கு ஒரு படிப்பு, ஒரு வெள்ளைக் கோட்டு. வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

கோகிலா ஒருமுறை வந்தாள். "அப்பா பாவம் கஷ்டப்படறாரு. முடியக் கழுத்தோட கத்தரிச்சுக்கம்மா. எங்க பனியன் கம்பெனியில வயசானவங்க நெறையப் பேரு அப்படித்தான் இருக்காங்க" என்றாள். இவளுக்கு வந்ததே கோபம். அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "எங்க முடி எங்க பாடு. நீ உன்ற வேலையப் பாரு" என்றுவிட்டாள். சரி, நீ இருக்கிற நாளிலாவது போட்டு விடு என்று கோகிலாவிடம் சீப்பைக் கொடுத்தேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ வெடுக்குனு இழுப்பா, வலிக்கும்." பெற்ற பெண் போடுவதைவிட நான் போடுவது நன்றாக இருக்கிறதாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருந்துறை தாண்டிவிட்டோமா? சரி.

இப்படி இருக்கும்போது பழைய முதலாளி ஆள் அனுப்பினார். டிரைவர் கிடைக்கவில்லை, ஒரு நடை நாக்பூர் போய்வர முடியுமா, கூட ஒரு ஆள் மாற்றி ஓட்ட வருவான் என்று. எனக்குக் கால் அரித்தது. பொய் சொல்வானேன், அரித்தது. ஆனால் இவளை என்ன செய்வது? நான் யோசித்து ஏற்பாடெல்லாம் பண்ணினேன். மல்லிகாவிடம் சொல்லி, தினம் வந்து தலை வாரிவிட ஒத்துக்கொள்ளவைத்தேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர், தோள்பட்டைக்குத் தைலம் காய்ச்சுவார், பேட்டையில் எல்லாரும் அதைத்தான் தேய்ப்பார்கள். அங்கே போகிற வண்டியில் சொல்லிவிட்டு ஒரு புட்டி வாங்கிவரச் செய்தேன். சாயங்காலம் அவள் கையில் கொடுத்தேன்.

"பாவாத்தா, நாளானைக்கு வண்டி ஏறறேன். மல்லிகா வந்து சடை போட்டு விடும். இதைத் தோள்ல நல்லாச் சூடு பறக்கத் தேச்சுக்க. நான் வர்றதுக்குள்ள கை வந்துரும்."

புட்டியைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மல்லிகா வருதுங்களா" என்று மட்டும் கேட்டாள். "ஆமா, பாவம், நல்ல புள்ள" என்றேன். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

நம்ப மாட்டீர்கள். மறுநாள் காலை நான் டீயைக் குடித்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போகிறேன், அவள் நின்றுகொண்டே இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் தூக்கிச் சடை போட்டுக்கொண்டிருக்கிறாள். கடகடவென்று, ஒரு கோணல் இல்லாமல்.

"ஏய், கை வந்துருச்சா!"

"வந்துருச்சுங்க. தைலம் வேலை செய்யுதுங்க. மல்லிகா எல்லாம் எதுக்கு. நீங்க போயிட்டு வாங்க."

ஒரே ஒரு ராத்திரி தேய்த்ததற்கு! பெரிய டாக்டர், படித்த பெண், படம், ஊசி, யாராலும் ஆகாதது. பேட்டை முழுக்கச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எத்தனை பேருக்கு அந்தத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கை சரியானதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவள் முகம்தான் கொஞ்சம் வாடியிருந்தது. வலி போன பிறகு உடம்பு அப்படித்தான் அசந்துவிடும்.

நாக்பூர் போய்வந்தேன். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போனேன். அவளுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே. போனில் பேசினால், "கை எப்படி இருக்குது?" என்பேன். "நல்லா இருக்குதுங்க." அவ்வளவுதான் பேச்சு. சர்தார்ஜி கதையெல்லாம் அவள் அப்புறம் கேட்கவில்லை. எத்தனை தடவைதான் கேட்பாள், சலித்திருக்கும்.

ஐதராபாத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கோகிலா போன் பண்ணினாள். மேல் அறையில், அந்த நடுங்குகிற இடத்தில், ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் சிலருக்கு இப்படி ஆகிவிடுமாம். நாடி சரியாக இருந்ததே என்று டாக்டரிடம் கேட்டேன். "நாடியை மெஷின் பாத்துக்குச்சுங்க. மேல நடுங்கிட்டுத்தானே இருந்தது" என்றார். ஆமாம், சொன்னாரே. முதலிலேயே சொன்னாரே.

மல்லிகாதான் முதலில் பார்த்தது. காலையில், பின்வாசலில், பலகையில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தாளாம். முடி அவிழ்ந்து கிடந்ததாம். பின்னால் என் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்ததாம். எனக்கு அது ஒன்றுதான் விளங்கவில்லை தம்பி. இரண்டு கையும் நன்றாக இருந்தது. நின்றுகொண்டே போட்டுக்கொள்கிறவள். நானும் ஊரில் இல்லை. நாற்காலியை எதற்கு எடுத்துப் போட்டாள்? முதுகு சாய்க்க இருக்கும்.

நான் வந்து சேரும்போது குளிப்பாட்டிக் கொண்டை முடிந்து வைத்திருந்தார்கள். அவள் கொண்டை போட்டதே இல்லை. "அவுத்து விடுங்க, நான் சடை போடறேன்" என்றேன். பெண்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோகிலா என் கையைப் பிடித்து, "நேரமாயிருச்சுங்கப்பா, வாங்க" என்று வெளியே கூட்டிவந்துவிட்டாள். போடவில்லை. போட விடவில்லை.

இந்தக் காவிரிப் பாலம் தாண்டினால் குமாரபாளையம். அடுத்து நான்தான்.

இருங்கள், பேச்சு வாக்கில் மறந்துவிட்டேனே. உங்களுக்குக் கொடுக்கத்தான் ஆரம்பித்தேன். இந்தாருங்கள், தைலம். பையிலேயே வைத்திருக்கிறேன். அவள் துணிமணியைக் கோகிலா எடுத்து அடுக்கும்போது, பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. புத்தம் புதுசு. மூடியில் வளையம்கூட அறுபடவில்லை, பாருங்கள். இன்னொன்று வாங்கி வைத்திருப்பாள், தீர்ந்தால் வேண்டுமே என்று. அவளுக்கு நான் ஒரு புட்டிதான் வாங்கியதாக ஞாபகம். மல்லிகாவைக் கேட்டேன், அவளும் வாங்கித் தரவில்லை என்கிறாள். காலிப் புட்டி எங்கேயும் இல்லை. யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பாலக்காட்டுத் தைலம் சங்ககிரியில் எங்கே கிடைக்கும் என்றுதான்... இருக்கும், யாராவது இருக்கும்.

வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் கை வந்துவிடும்.

அம்மணிக்கு முடி அவிழ்ந்துவிட்டதே, காற்றில். அவர்களே முடியப் பார்க்கிறார்கள், ஒரு கையால் எப்படி முடியும்? பிடியுங்கள் தம்பி. நீங்கள்தான். நீங்கள் பிடிக்காமல் யார் பிடிப்பது? என்ன வெட்கம், பஸ்ஸில் எவன் பார்க்கிறான்? மூன்று காலாகப் பிரியுங்கள். இழுக்காதீர்கள், லோடு இல்லை அது. மெதுவாக. ஆங், சிரிக்கிறார்கள் பாருங்கள்.

சங்ககிரி வந்துவிட்டது. கண்டக்டர், இறங்கணுங்க, கொஞ்சம் நில்லுங்க.

தம்பி, அந்தப் புட்டியைக் கொடுங்கள். இல்லை, கொடுங்கள். இது வேண்டாம் உங்களுக்கு. நன்றாக இருக்கிற தைலம்தான், அதற்கில்லை. கொடுங்கள்.

கோணலாகத்தான் வரும் முதலில். அவிழ்த்து மறுபடி போடச் சொல்வார்கள். நேராக இருந்தாலும் கோணல் என்பார்கள். போடுங்கள்.